பபூனுக்கு விமர்சனம் எழுதுவது யார்?

(பட்டாபிராமில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மார்கழியில் மயிலாப்பூர் சபா ஒன்றில் ஒரு பாடகர் ஒரு சங்கதியைத் தவறவிட்டால், அதைக் குறித்துவைத்து எழுத ஆள் இருக்கிறது. இன்று நேற்றல்ல, 1930களிலேயே கல்கி ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் கச்சேரிகளையும் நாட்டியங்களையும் கறாராக அலசினார். பிறகு சுப்புடு வந்தார். அவர் பேனாவுக்குப் பயந்த வித்வான்கள் உண்டு. அவர்கள் திட்டினாலும் பாராட்டினாலும், உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் எழுதினார்கள். அந்த மரியாதை பாடகருக்குக் கிடைத்தது.

ஆடி மாதம் நம் பக்கத்தைப் பாருங்கள். நெமிலிச்சேரியில், திருநின்றவூரில், ஆவடியில், அன்னனூரில், எங்கெல்லாம் அம்மனுக்குக் கூழ் வார்க்கிறார்களோ அங்கெல்லாம் ஒரு மேடை எழும்பும். மெல்லிசைக் குழு பாடும். இரண்டு பாட்டுக்கு நடுவே ஒருவர் வந்து பலகுரலில் பேசுவார். ஒரு பெண்ணும் ஆணும் ஜோடியாக ஆடுவார்கள். சில ஊர்களில் விடிய விடியக் கூத்து. சென்னையின் மேற்குப் புறநகரில் வருஷத்தில் அதிகமான பேர் நேரில் பார்க்கும் கலை நிகழ்ச்சி இதுதான் என்று நான் நம்புகிறேன். ஆனால் மறுநாள் இதைப் பற்றி ஒரு வரி எழுத யாரும் இல்லை. “நேத்து புரோகிராம் சுமார்”, “ரொம்ப ஆபாசம்”, “சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சிடுச்சு” என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லிவிட்டு வேலைக்கு ரயிலேறிவிடுவோம்.

இந்தப் பல்சுவை மேடையையும் அதில் நிற்பவர்களையும் பற்றி நாம் என்ன கருத்துச் சொல்லி வந்திருக்கிறோம், எப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. நான் சொல்ல வருவது ஒன்றே. இந்தக் கலைஞர்களுக்கு நாம் தீர்ப்பு வழங்கியிருக்கிறோம். அவர்கள் செய்யும் வேலையைப் பார்த்ததில்லை. வேலையைப் பார்க்காதவருக்கு அதைக் கண்டிக்கவும் உரிமை குறைவு.

பழைய உரையாசிரியர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடப் பெருந்தன்மையானவர்கள். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், கூத்துகளை வகைபிரிக்கும்போது விநோதக் கூத்து என்று ஒரு பிரிவைச் சொல்கிறார். குரவை, கழாய்மேல் ஆடும் கலிநடம், குடக்கூத்து, உடம்பை வளைத்துச் செய்யும் கரணம், மாயவித்தையை உள்ளடக்கிய நோக்கு, தோற்பாவை என்று ஆறு. நகைச்சுவையைச் சேர்த்து ஏழு என்பாரும் உண்டு என்று குறிக்கிறார். இன்று நாம் ‘வெரைட்டி’ என்கிறோமே, அது முழுக்க இந்தப் பட்டியலில் இருக்கிறது. கழைக்கூத்தாடியையும் மாயவித்தைக்காரரையும் நகைச்சுவைக்காரரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து இலக்கணம் சொன்ன மரபு இது. அதில் முகச்சுளிப்பு இல்லை.

முகச்சுளிப்பு எப்போது வந்தது என்று ஒரு தேதியைச் சொல்ல முடியாது. ஆனால் அது தெளிவாகத் தெரியும் ஓர் இடம் உண்டு. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவருடைய ‘நாடக மேடை நினைவுகள்’ நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும்: இளமையில் அவருக்குத் தமிழ் நாடகங்கள் என்றாலே வெறுப்பு. பல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்கு நாடகக் குழுவைப் பார்த்த பிறகுதான், படித்தவர்களும் மேடையேறலாம் என்ற எண்ணம் வந்தது. வக்கீல்களும் அதிகாரிகளும் வேஷம் கட்டினார்கள். நாடகத்துக்குப் பெரிய கௌரவம் கிடைத்தது. அதற்காக அவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அவரே நகைச்சுவையை நேசித்தவர். அவர் எழுதிய ‘சபாபதி’ 1941இல் படமாகி, டி.ஆர்.ராமச்சந்திரனும் காளி என்.ரத்தினமும் எஜமான் வேலைக்காரனாக வந்து இன்றுவரை சிரிக்க வைக்கிறார்கள். ஆனால் அந்தக் கௌரவம் ஒரு கோட்டையும் கிழித்தது. இந்தப் பக்கம் பொழுதுபோக்குக்காக நடிக்கும் படித்தவர். அந்தப் பக்கம் வயிற்றுப்பாட்டுக்காக நடிக்கும் கூத்தாடி. கூத்தாடி என்பது வசைச்சொல்லாக நம் வாயில் நிலைத்தது. இங்கே கலையை யாரும் எடைபோடவில்லை. ஆளின் பிழைப்பை எடைபோட்டார்கள்.

இனி அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது, இன்னும் நடக்கிறது என்று சற்று நெருங்கிப் பார்ப்போம். தென்மாவட்டங்களில் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று உண்டு. சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’தான் அங்கே அதிகம் ஆடப்படுவது. சுவாமிகள் 1922இல் மறைந்தார். அவருடைய வள்ளி இன்றும் திருவிழாக்களில் தினைப்புனம் காக்கிறாள். இந்த நாடகத்துக்குக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் என்கிற கோமாளி இன்னொரு ஊர், டான்ஸ்காரர் மற்றோர் ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, முன்பணம் கொடுத்து, தேதி வாங்குகிறார்கள். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் போன்ற ஊர்களில் இவர்களுக்குச் சங்கங்கள் உண்டு. நாடகத்தன்று இரவு ஒப்பனை போடும் இடத்தில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும்வரை ஆட வேண்டும்.

வள்ளியும் முருகனும் வருவதற்கு முன் முதல் சில மணி நேரம் பபூனுடையது. ஹார்மோனியக்காரர் வேகம் கூட்டுவார், மிருதங்கமும் ‘ஆல்ரவுண்டு’ என்னும் தாளக்கருவிகளும் சேர்ந்துகொள்ளும், பபூன் ஒரு துள்ளலோடு மேடைக்கு வருவார். ஒரு பாட்டு. பிறகு பேச்சு. அவருக்கு எதிரே சில ஆயிரம் பேர் இருக்கலாம். முன்னால் பாய் விரித்துக் குழந்தைகளும் பெண்களும், பின்னால் நின்றபடி இளைஞர்கள், ஓரமாக ஊர்ப்பெரியவர்கள். இவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வர வேண்டும், யாருக்கும் கோபம் வரக்கூடாது. அவர் கையில் எழுதிய வசனம் இல்லை. அந்த ஊரில் யாரைச் சீண்டலாம், யாரைத் தொடக்கூடாது என்று மேடைக்கு வருமுன் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டிருப்பார்.

1990களில் மதுரையில் தங்கி இந்தக் கலைஞர்களோடு ஊர் ஊராகப் போன அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர், 2005இல் வெளியான தம் நூலில் ஒரு நுட்பத்தைக் காட்டுகிறார். பபூன் சங்கடமான நகைச்சுவையைச் சொல்லும்போது ஜனங்களைப் பார்த்துச் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரரைப் பார்த்து, நண்பரிடம் மனசைத் திறப்பதுபோலச் சொல்கிறார். கூட்டம் அதை ஒட்டுக்கேட்கிறது. முன்வரிசையில் இருக்கும் பெண்களின் முகத்துக்கு நேரே அந்த வார்த்தை விழுவதில்லை. இது எவ்வளவு பெரிய கைத்தேர்ச்சி என்று யோசியுங்கள். மரியாதைக்கும் மரியாதைக் குறைவுக்கும் இடையிலுள்ள எல்லையை, உடம்பைச் சற்றே திருப்பிக்கொள்வதன் மூலம் ஒருவர் காப்பாற்றுகிறார். இதைத் தமிழ்ப் பத்திரிகை விமர்சகர் ஒருவர் நமக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். கடல் கடந்து வந்தவர் சொன்னார்.

அவர் எழுதிய இன்னொரு விஷயம் வலிக்கக்கூடியது. மேடையில் கைதட்டல் வாங்கும் டான்ஸ்காரப் பெண், மறுநாள் தன் தெருவில் தன் தொழிலை மறைத்து நடக்க வேண்டியிருக்கிறது. தலையைக் குனிந்து, யார் கண்ணிலும் படாமல் வேனில் ஏறிப் போகிறார். ஆண் பபூனுக்குக் கிடைக்கும் கேலி வேறு, அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் பெயர் வேறு. அந்தப் பெயரை வைத்தது அவருடைய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அல்ல. முன்பின் தெரியாத ஆணோடு மேடையில் நின்றார் என்பதற்காக.

சுகுண விலாச சபை தொடங்கிய அதே காலத்தில் அமெரிக்காவில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வாட்வில் என்ற பல்சுவை நிகழ்ச்சி 1880களிலிருந்து சுமார் ஐம்பது வருஷம் கொடிகட்டிப் பறந்தது. ஒரே மாலையில் பாடகர், வித்தைக்காரர், நாய் வித்தை, நகைச்சுவை ஜோடி, கழைக்கூத்து எல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொருவருக்கும் சில நிமிஷம்தான். கீத் என்பவரின் அரங்குகளில் மேலாளர்கள் வாரந்தோறும் ஒவ்வொரு நிகழ்ச்சியைப் பற்றியும் குறிப்பெழுதி அனுப்ப வேண்டும். எத்தனை நிமிஷம் எடுத்தார், எந்த இடத்தில் கைதட்டல், நிகழ்ச்சி வரிசையில் எங்கே வைக்கலாம், எந்த வார்த்தையை நீக்கச் சொன்னோம் என்று. அந்தக் குறிப்பேடுகளை அயோவா பல்கலைக்கழக நூலகம் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறது. 1905இல் சைம் சில்வர்மன் ‘வெரைட்டி’ பத்திரிகையை ஆரம்பித்தார். ஒரு மேடை நிகழ்ச்சியைக் கடுமையாக எழுதியதற்காக வேறொரு பத்திரிகையில் வேலையிழந்தவர் அவர். பந்துகளை எறிந்து பிடிக்கும் ஒரு வித்தைக்காரரின் ஏழு நிமிஷத்துக்கு எழுத்தில் ஒரு சாட்சி அங்கே உண்டு. நம் கிராமத்து பபூன் ஒருவர் நாற்பது வருஷம் ஆடியதற்குச் சாட்சி, அவரைப் பார்த்தவர்களின் ஞாபகம் மட்டுமே.

நமக்கு எழுத்தே இல்லாமல் போகவில்லை. வேறு வகை எழுத்து இருந்தது. 1940களில் லட்சுமிகாந்தன் ‘சினிமா தூது’, பிறகு ‘இந்துநேசன்’ என்று பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தைக் கிசுகிசுவாக விற்றார். 1944 நவம்பரில் அவர் கொலையானார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் அந்த வழக்கில் சிறை சென்று, 1947இல் விடுதலையானார்கள். என்.எஸ்.கே. யார்? ஒழுகினசேரியில் பிறந்து, வில்லுப்பாட்டிலும் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிலும் வளர்ந்து, மேடையின் துண்டு நகைச்சுவையைச் சினிமாவுக்குள் கொண்டுவந்தவர். கதையோடு ஒட்டாமல் தனியாக எடுத்த நகைச்சுவைப் பகுதிகளால் படங்களை ஓட்டிக் காட்டியவர். ‘நல்லதம்பி’யில் நந்தனார் கதையைக் ‘கிந்தனார்’ ஆக்கி, காலட்சேப வடிவத்துக்குள் படிப்பின் அருமையைச் சொன்னார். காலட்சேபம் செய்யும் பாகவதர் எப்படி மூச்சு விடுகிறார், எங்கே இழுக்கிறார், பின்பாட்டுக்காரர் எப்போது தலையாட்டுவார் என்பதையெல்லாம் அணுஅணுவாகத் தெரிந்தவரால்தான் அப்படி ஒரு காலட்சேபத்தைக் கட்ட முடியும். இப்படிப்பட்ட கலைஞரைப் பற்றி அந்தப் பத்திரிகைகளால் எழுத முடிந்தது அவருடைய சொந்த வாழ்க்கையை மட்டும்தான். மேடைக்காரர் என்றாலே ஊர் வாய்க்குத் தீனி என்ற பழக்கம் அன்றோடு தீர்ந்துவிடவில்லை.

நல்ல விமர்சகர் என்ன செய்வார் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். பட்டாபிராமுக்கு இது பிடிக்கும், ஏனென்றால் ரயில்வேக்காரர் கதை. நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தபோது, ரயில்வே ஊழியர்கள் போட்ட நாடகமொன்றில் வயிற்றுவலிக்காரராகச் சின்ன வேஷம் கட்டினார். மருத்துவரிடம் வந்து வலியில் துடித்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். தலைமை தாங்க வந்திருந்தவர் எம்.ஜி.ஆர். நாடகத்தின் நாயகனை விட்டுவிட்டு, அந்தச் சில நிமிஷ வேஷத்தைக் கட்டிய ஒல்லி மனிதரைக் குறிப்பிட்டுப் பாராட்டிப் பரிசு கொடுத்தார். மேடை நாடகக் கம்பெனியில் சிறு வயதிலிருந்து அடிபட்டு வளர்ந்தவரின் கண் அது. சின்ன நேரத்துக்குள் ஒரு கூட்டத்தைப் பிடித்து நிறுத்துவது எத்தனை கஷ்டம் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியும்.

இன்று தமிழ்நாட்டில் இந்த மேடைகளைப் பற்றித் தொடர்ந்து எழுத்தில் கருத்துச் சொல்லும் இடம் எது தெரியுமா? நீதிமன்றம். திருவிழாக் காலம் வந்தால் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு மனுக்கள் குவிகின்றன. ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதியையும் கட்சியையும் இழுக்கக்கூடாது, இத்தனை மணிக்கு முடிக்க வேண்டும் என்று நிபந்தனைகளோடு உத்தரவு வருகிறது. நீதிமன்றத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. அமைதி காப்பது அதன் கடமை. ஆனால் விமர்சகர் நிற்க வேண்டிய இடம் காலியாக இருப்பதால்தான் அங்கே காவல் துறை ஆய்வாளர் நிற்கிறார். எது கலை, எது கலையின் பெயரால் பெண்ணைக் கேவலப்படுத்துவது என்று ஒரு கரகாட்டத்தைப் பார்த்துவிட்டு நிதானமாக எழுத யாராவது இருந்திருந்தால், அந்தக் கலைஞர்களுக்கே அது கேடயமாக இருந்திருக்கும். கூட்டம் கத்துகிறது, விழாக்குழு கேட்கிறது என்று உடையைக் குறைக்கச் சொல்லும்போது, “எங்கள் ஆட்டம் இது அல்ல” என்று காட்ட அவர்கள் கையில் ஒரு தாள் இருந்திருக்கும்.

இங்கே இன்னொரு கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும். கைத்தேர்ச்சியை மட்டும் பார்த்தால் போதுமா? போதாது. அமெரிக்க மேலாளர்கள் நிமிஷத்தையும் கைதட்டலையும் கச்சிதமாகக் குறித்தார்கள். ஆனால் அதே மேடைகளில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கோமாளிகளாக்கினார்கள். கூட்டம் சிரித்ததா என்பதுதான் குறிப்பேட்டின் கேள்வியாக இருந்தது. யாரைப் பார்த்துச் சிரித்தது என்பதை அது கேட்கவில்லை. நம்மிடமும் அதே பாவம் உண்டு. குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் ஒரு சமூகத்தையே மேடைமேல் ஏற்றி, அவர்கள் பெண்களை ஆபாசமாகக் காட்டினோம். குறவர் சமூகத்தினர் வருஷக்கணக்கில் எதிர்த்தார்கள், நீதிமன்றம் போனார்கள். 2023இல் தமிழக அரசு அந்த ஆட்டத்தை நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்த எதிர்ப்பை நான் தமிழ் மேடைமேல் எழுந்த மிக முக்கியமான விமர்சனங்களில் ஒன்றாக மதிக்கிறேன். ‘எங்களை வைத்து நீங்கள் சிரிக்கிறீர்கள்’ என்று சொல்ல, சிரிக்கப்பட்டவரைவிடத் தகுதியானவர் யார்? தொழில்முறை விமர்சகர்கள் செய்யத் தவறியதை அவர்கள் செய்தார்கள்.

தொலைக்காட்சி வந்த பிறகு நிலைமை மாறியதா என்று கேட்பீர்கள். 2005 வாக்கில் ‘கலக்கப் போவது யாரு’ வந்தது. கிராமத்து மேடைகளில் பலகுரலும் ஆட்டமுமாகச் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் வீடுதோறும் தெரிந்தார்கள். சிவகார்த்திகேயன் அந்த நிகழ்ச்சியிலிருந்து வந்தவர். உடம்பெல்லாம் சாயம் பூசி இயந்திர மனிதனைப்போல அசைந்து காட்டிய ரோபோ சங்கரும் மேடைகளில் வளர்ந்தவர். 2025 செப்டம்பரில் அவர் காலமானபோது நாம் அவரைச் சினிமாவிலும் டிவியிலும் வைத்தே நினைத்தோம். சாயம் பூசிய அந்த வருஷங்கள் ஒரு வரியில் கடந்துபோயின. நடுவர்கள் சிரித்தால் வெற்றி என்பது டிவியின் கணக்கு. அந்தச் சிரிப்பு பல நேரம் கறுப்பான பெண்ணையும் பருமனானவரையும் திருநங்கையையும் வைத்து வாங்கிய சிரிப்பு. மலிவான சிரிப்புக்கும் உழைத்து வாங்கிய சிரிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த நாற்காலிகளிலிருந்து யாராவது சொல்லியிருக்கலாம்.

நம் ஊர்ப்பக்கம் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஆடித் திருவிழா மேடை, பெரிய கூட்டம். இரண்டு பாட்டுக்கு நடுவே பலகுரல் கலைஞர் ஒருவர் வந்தார். சிவாஜி, எம்.ஆர்.ராதா, ரஜினி என்று வழக்கமான குரல்கள். கூட்டம் பேசிக்கொண்டே இருந்தது. அவர் பதறவில்லை. மைக்கைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ரயில் நிலைய அறிவிப்பை ஆரம்பித்தார். திருவள்ளூரிலிருந்து வரும் வண்டி, இந்துக் கல்லூரி, ஆவடி வழியாக. குரலில் அந்த உயிரில்லாத ஏற்ற இறக்கம் அப்படியே வந்தது. நாலாவது வரியில் கூட்டம் அமைதியானது. பிறகு தூரத்தில் வண்டி வரும் ஹாரன், பிரேக் பிடிக்கும்போது எழும் அந்த இழுப்பு, கடைசியாகப் படியில் தொங்குபவரைப் பார்த்து உள்ளே நிற்பவர் போடும் சத்தம். வண்டி கிளம்பியதும் அவர் ஒன்றுமே செய்யவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றார். அந்த நிசப்தத்தில், தண்டவாளத்தை ஒட்டியே வாழும் அத்தனை குடும்பங்களும் எழுந்து கைதட்டின. தினசரி காதில் விழுந்தும் கேட்காத சத்தத்தை அவர் கேட்க வைத்தார். அவர் பெயரை நான் நோட்டீஸில் தேடினேன். குழுவின் பெயர் இருந்தது, விழாக்குழுத் தலைவர் முதல் பொருளாளர்வரை எல்லோர் பெயரும் படத்தோடு இருந்தன. அவர் பெயர் இல்லை.

நம் கூத்துக்கும் நேர்மையான விமர்சனம் இல்லை என்ற நிலைதான். இந்தத் தொண்டை மண்டலத்துக் கூத்தில் முதலில் வருபவர் கட்டியக்காரர். ராஜாவுக்குக் கட்டியம் சொல்வார், ராஜாவிடமே கேள்வி கேட்பார், துரியோதனனிடம் ரேஷன் கடையைப் பற்றியும் பேசுவார். 1977இல் ந.முத்துசாமி கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கிய பிறகு, கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கலையை நகரம் மதிப்போடு பார்த்தது. அது பெரிய காரியம். ஆனால் அந்த மதிப்பிலும் ஓர் ஆபத்து உண்டு. ‘அழிந்துவரும் கலை’ என்று இரங்கி, எதைப் பார்த்தாலும் பாராட்டிவிடுவது. கட்டியக்காரர் அன்றைக்குச் சோம்பலாக ஆடினார் என்றால் அதைச் சொல்ல வேண்டும். பாட்டு எடுபடவில்லை என்றால் சொல்ல வேண்டும். இரக்கப்பட்டு மார்க் போடுவது அவரைக் கலைஞராக நடத்துவது ஆகாது.

இந்த ஊருக்கு நான் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இந்துக் கல்லூரித் தமிழ்த் துறை மாணவர்களில் சிலர், வரும் ஆடியில் ஆவடியிலிருந்து திருநின்றவூர்வரை நடக்கும் மேடைகளுக்குப் போய் உட்காருங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். பெயர் என்ன, எந்த ஊர், யாரிடம் கற்றார், எத்தனை நிமிஷம் ஆடினார், எந்த இடத்தில் சிரிப்பு வந்தது, அது யாரை வைத்து வந்தது, எங்கே தொய்ந்தது, எங்கே உங்களுக்குச் சங்கடமாக இருந்தது. எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுங்கள். அவர் மறுத்துச் சொல்வதையும் கீழே எழுதிக்கொள்ளுங்கள். ஆடும் பெண்களிடம் பேசும்போது, அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். விழாக்குழுவில் இருப்பவர்கள் இங்கே சிலர் வந்திருக்கிறீர்கள். அடுத்த நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன், குழுவில் யார் யார் வருகிறார்கள் என்று கேட்டு அந்தப் பெயர்களையும் போடச் சொல்லுங்கள். எழுதிச் சேரும் பக்கங்களை வைக்க நூலகத்தில் ஒரு கோப்பு திறக்கச் சொல்லி நான் கேட்கிறேன்.